கை ராசியும் கணிப்பொறியும்

உயிரில்லாத பொருள்களுக்கு உயிருள்ளவர்களின் குணங்களை ஏற்றிப் பேசுவது நம் வீடுகளில் வழக்கம். கிணற்று மோட்டார் முரண்டு பிடிக்கிறது என்போம். மிதிவண்டி மக்கர் செய்கிறது என்போம். தையல் பொறி ஆள் பார்த்து ஓடுகிறது என்போம். இப்பேச்சில் நகைச்சுவை உண்டு; தீங்கு இல்லை. ஆனால் பொறிக்கு உண்மையிலேயே குணம் உண்டென்று நம்பத் தொடங்கிவிட்டால், அக்குணத்தைக் கெடுத்தவர் யார் என்றும் தேடத் தொடங்கிவிடுகிறோம். அப்போது அகப்படுபவர், பெரும்பாலும் வீட்டில் எதிர்த்துப் பேச இயலாத இளையவரே. இதை என் குடும்பத்திலேயே கண்டேன்.

2012-ஆம் ஆண்டு அது. எழுமலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், பழையதாக வாங்கிய மேசைக் கணிப்பொறி ஒன்று இருந்தது. என் தங்கை மகள் எங்களோடு தங்கி, கல்லூரியில் கணிப்பொறி அறிவியல் முதலாண்டு படித்துவந்தாள். காலையில் என் மகன் அப்பொறியின் முன் அமர்ந்தால் ஒரு தொல்லையும் இராது. மாலையில் கல்லூரியிலிருந்து திரும்பி அவள் அமர்ந்தாலோ, சிறிது நேரத்தில் திரை இருண்டுவிடும். பொறி அணைந்து, தானே மீண்டும் எழும். அவள் தட்டச்சு செய்த பக்கங்கள் போனவை போனவையே. கூடத்து விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். ஆகவே மின்சாரத்தின்மீது எவருக்கும் ஐயம் எழவில்லை.

“இவ கை பட்டாலே அது படுத்துக்குது” என்றார் என் தாயார். விளையாட்டாகத் தொடங்கிய சொல் நாளடைவில் தீர்ப்பாகிவிட்டது. என் மகனும் அவளைப் பொறியின் அருகே விடத் தயங்கினான். பயிற்சி ஏடுகளை முடிக்க, அவள் உசிலம்பட்டிக் கணினி மையத்தில் மணிக்கணக்கில் காசு கொடுத்து அமர்ந்தாள். ஒருநாள் என்னிடம் வந்து, “மாமா, எனக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது போலிருக்கிறது. வேறு பாடத்துக்கு மாறிவிடட்டுமா?” என்று கேட்டாள். பொறியின் பழுது, ஒரு பெண்ணின் எதிர்காலத்தைத் தொட்டுவிட்டதை அன்று உணர்ந்தேன்.

எனக்குக் கணிப்பொறியின் உள்ளமைப்பு தெரியாது. பதிவேடு எழுதத் தெரியும். நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் பொறியின் அருகே வைத்தேன். அது அணையும்போதெல்லாம் நாள், மணி, அமர்ந்திருந்தவர், செய்த வேலை, விளக்கின் ஒளி ஆகிய ஐந்தையும் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. அத்துடன் ஒரு மாற்றமும் செய்தேன். விடுமுறை நாள்களில் அவளைக் காலையிலும், மகனை மாலையிலும் அமரச் செய்தேன்.

இத்தகைய பதிவேட்டுக்குப் புகழ்பெற்ற முன்னோடி ஒன்று உண்டு. 1947 செப்டம்பர் 9 அன்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க்-2 என்னும் கணிப்பொறி பழுதுற்றபோது, அதன் ரிலே ஒன்றில் சிக்கியிருந்த அந்துப்பூச்சியைக் கண்டெடுத்தார்கள். அதைப் பதிவேட்டிலேயே ஒட்டி, நேரத்தையும் குறித்து வைத்தார்கள். அக்குழுவில் பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் பிற்காலத்தில் இந்நிகழ்ச்சியை எடுத்துச் சொல்லி உலகறியச் செய்தார். பழுதைப் ‘பூச்சி’ என்று குறிப்பது எடிசன் காலத்திலேயே பொறியாளரிடையே இருந்த வழக்கு. அன்று மெய்யான பூச்சியே அகப்பட்டது. பூச்சி ஒட்டிய அந்த ஏடு இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

எங்கள் நோட்டில் பூச்சி எதுவும் ஒட்டப்படவில்லை; ஆனால் மூன்று வாரத்தில் விடை தெரிந்துவிட்டது. காலையில் அவள் அமர்ந்தபோது பொறி ஒழுங்காக ஓடியது. மாலையில் என் மகன் அமர்ந்தபோது படுத்துக்கொண்டது. ஏறத்தாழ எல்லாப் பழுதும் மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே நிகழ்ந்தவை. ‘விளக்கு மங்கல்’ என்ற குறிப்பும் பல வரிகளில் இருந்தது.

நோட்டைப் பார்த்த மின்பணியாளர், கணிப்பொறியைத் திறக்கவே இல்லை. நேரே யு.பி.எஸ். பெட்டியைத் திறந்து பாட்டரியைச் சோதித்தார். அது செத்துக் கிடந்தது. அவர் விளக்கியது இதுதான். அந்த ஆண்டு தமிழகத்தை மின்வெட்டு வாட்டியது. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லை. ஈயமும் அமிலமும் கொண்ட பாட்டரி முழுமையாக மின்னேற்றம் பெறாமலே கிடந்தால் விரைவில் வலுவிழக்கும். மாலையில் மின்சாரம் வந்ததும் ஊரே விளக்கும் மோட்டாரும் மிக்சியும் போட, 230 வோல்ட் இருக்க வேண்டிய மின்னழுத்தம் வெகுவாகச் சரியும். குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே சரிந்தால், யு.பி.எஸ். பாட்டரிக்கு மாறும். பாட்டரியில் உயிரில்லை, எனவே மாறிய நொடியில் பொறி அணைந்துவிடும். மின்வெட்டு நேரம் தெரிந்திருந்ததால் முன்கூட்டியே பொறியை நிறுத்திவிடுவது எங்கள் வழக்கம். ஆதலின் பாட்டரியின் நிலை வெளிப்படவே இல்லை. புதுப் பாட்டரி பொருத்தினோம், தொல்லை தீர்ந்தது.

பிற பழுதுகளும் இவ்வாறே காரணம் உடையவை. கடிகாரம் நாள்தோறும் பழைய தேதிக்கே திரும்பினால், தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற சிறு பாட்டரி தீர்ந்திருக்கலாம். வெயில் நேரத்தில் மட்டும் நின்றுபோனால், விசிறியிலும் வெப்பத்தகட்டிலும் ஆடிக் காற்றின் புழுதி அடைத்திருக்கலாம். திரை எழாமல் கூவினால், நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய முனைகளை ரப்பரால் மெல்லத் துடைத்துப் பொருத்தினாலே பலமுறை சரியாகிவிடும். இரும்புப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இழுத்தால், எர்த் இணைப்பு இல்லை என்று பொருள். அதைத் தள்ளிப்போடக் கூடாது. சில வேளைகளில் குறை பிறவியிலேயே இருக்கும். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், தரக்குறைவான மின்தேக்கிகள் வீங்கிக் கசிந்ததால் உலகெங்கும் எண்ணற்ற கணிப்பொறிகள் காரணமின்றி அணைந்து எழுவதுபோல் தோன்றின. அவற்றின் முன் அமர்ந்திருந்தவர்கள் மீதும் எத்தனை பழி விழுந்திருக்குமோ!

என் தங்கை மகள் பாடம் மாறவில்லை. அப்படிப்பையே முடித்துப் பட்டம் பெற்றாள். என் தாயார் நோட்டைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். பிறகு ஒன்றும் சொல்லாமல், அன்று மாலை அவளுக்குத் தம் கையாலேயே காப்பி கொண்டுபோய் வைத்தார்.

பெற்றோரே, இன்று நம் பிள்ளைகளின் கல்வியும் வேலையும் பெரிதும் இப்பொறிகளை நம்பியே இருக்கின்றன. அவை பழுதாவது இயல்பு. பழுதைச் சீராக்கச் சில நூறு ரூபாய் போதலாம். ‘உன் கைக்கு ஆகாது’ என்ற சொல் ஒரு பிள்ளையின் மனத்தில் இறங்கிவிட்டால், அதை எடுப்பது அத்தனை எளிதன்று. பொறி நின்றவுடன் ‘யார் தொட்டது?’ என்று கேட்பதை விடுத்து, மணி என்ன என்று பார்த்து எழுதி வையுங்கள்.