குன்றக்குடியும் குன்னக்குடியும்: ஒலிநிறமாலையில் ஓர் ஊர்ப்பெயர்

காரைக்குடிக்கு அண்மையில், சண்முகநாதர் குன்றின்மேல் கோயில்கொண்ட ஊரின் பெயர் அச்சில் இருவடிவம் பெற்றுள்ளது. அடிகளார் (1925–1995) பெயரின் முன் அது குன்றக்குடி. வயலின் இசைஞர் வைத்தியநாதன் (1935–2008) பெயரின் முன் குன்னக்குடி. பின்னதைச் சிதைவு என ஒதுக்குவது எளிது. ஒலிநிறமாலை அவ்வாறு ஒதுக்க இடந்தருவதில்லை.

1940களில் பெல் ஆய்வகத்தில் உருவான இக்கருவியின் பணியை இன்று பிராட் என்னும் கட்டற்ற மென்பொருள் மடிக்கணினியிலேயே செய்கிறது. எழுத்துவழி நின்று நிறுத்தி உச்சரிக்கப்படும் ‘ன்ற’வில் மங்கலான மூக்கொலிப் பட்டையை அடுத்து ஒரு சிறு வெடிப்புக்கோடு தோன்றும். ‘ன்ன’வில் அக்கோடு இல்லை; மூக்கொலி மட்டும் இடையறாது நீளும். தொல்காப்பியப் பிறப்பியல் றகரத்தையும் னகரத்தையும் ஒரே பிறப்பிடத்தில் வைத்தது இங்கு நினைக்கத்தக்கது. நாநுனி இடம்பெயரவில்லை, மூக்குவழி அடைபடாமல் திறந்தே நிற்கிறது, அவ்வளவே. இதனைச் சிதைவு என்பதைவிட ஓரினமாதல் என்பதே பொருந்தும்.

எனினும் மூக்கொலிப் பட்டையை மட்டும் நோக்கி அது னகரமா ணகரமா எனத் துணிதல் அரிது. அயலுயிரின் பட்டைகள் வளையும் திசையே சான்று: நாவளை ஒலியை நெருங்கும் உயிரில் மூன்றாம் பட்டை கீழிறங்கும். ‘குடி’யின் டகரத்திற்கு முன்னும் இவ்விறக்கத்தைத் தேடலாம். ‘க்கு’ இவற்றினும் எளிது. அலைவரைவில் ஏறத்தாழ நேர்கோடாகக் கிடக்கும் மௌனமும் அதன் முடிவில் ஒரு வெடிப்பும் ஒற்றிரட்டலைக் காட்டிவிடும். ஒற்றுக்கு அரை மாத்திரை என்னும் இலக்கணக் கணக்கை மில்லி நொடியில் சரிபார்க்க முனைவோர் உளர். மாத்திரை ஒப்பளவே அன்றிக் கடிகார அளவன்று.

அழுத்தம் பற்றியே பிழை மிகுதியாக நேர்கிறது. இப்பெயரில் இரண்டாம் அசையின் அகரம் கருமையாகத் தெரியின், அங்கு அழுத்தம் உண்டெனக் குறித்துவிடுகின்றனர். அகரம் வாய் விரிந்து பிறப்பதால் இயல்பாகவே உகரத்தினும் செறிவுடையது. அழுத்தத்தால் மட்டும் பொருள் வேறுபடும் சொல்லிணைகள் தமிழில் இல்லாமையின், கேள்வியுணர்வும் இங்குப் போதிய துணையாகாது. சுருதி, கால அளவு, செறிவு ஆகிய மூன்றையும், அதே உயிர் பிற அசைகளில் வரும் சொற்களோடு ஒப்பிட்டே முடிவுசெய்ய வேண்டும்.

களப்பதிவில் ‘குன்னக்குடி’ என ஒலித்ததை ஆய்வேட்டில் ‘குன்றக்குடி’ எனத் திருத்தி எழுதும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. ஒலிக்கோப்பையும் உடன் பேணாத துறைகளில், அத்திருத்தத்திற்குப் பின் சான்றென எதுவும் எஞ்சுவதில்லை.