சங்குமுகத்தில் ஒரு மாலை

மும்பையில் வாழும் யாம் சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்துடன் திருவனந்தபுரம் சென்றிருந்தோம். காலையில் சாலைக் கடைத்தெருவில் தமிழிலேயே விலை பேசிப் பொருள் வாங்கினோம். மாலையில் சங்குமுகம் கடற்கரையை அடைந்தோம்.

மும்பையில் உள்ள அதே அரபிக்கடல்தான். எனினும் இங்கே எவரிடத்தும் அவசரமில்லை. கதிரவன் மறையும்வரை மக்கள் அமைதியாய் அமர்ந்திருந்தனர். ஆண்டில் இருமுறை பத்மநாபசுவாமியின் ஆராட்டு ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்தே இக்கடலுக்கு வருகின்றது. அந்நேரம் விமானங்களும் காத்திருக்கின்றன!

இந்நகரில் பேராசிரியராய் விளங்கிய மனோன்மணீயம் சுந்தரனாரைப் பற்றி மகளிடம் கூறினோம். 1855இல் ஆலப்புழையில் பிறந்த அவர் 1891இல் வெளியிட்ட நாடகத்தின் வாழ்த்துப் பாடலே இன்று தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலிக்கின்றது.

“தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்தவரா அதை எழுதினார்?” என்று வியந்தாள். சிறிது நேரங்கழித்து, “எனக்குத் தமிழ் எழுதவே தெரியாதே, அப்பா” என்றாள்.

யாம் நாணித் தலைகுனிந்தோம். நேரமில்லை, நேரமில்லை என்று பத்தாண்டுகளாகத் தள்ளிவைத்த கடமையன்றோ அது! ஈரமணலில் அவள் விரல் பற்றி அகரம் எழுதுவித்தோம். அலை வந்து அழித்தது. அவள் மீண்டும் எழுதினாள். இருள் கவியுமுன் உயிரெழுத்துப் பன்னிரண்டும் முடிந்தன.

ஊர் திரும்பிய பின்னர் நாள்தோறும் இரவு உணவுக்கு முன் கால் மணி நேரம் தமிழ்ப் பாடம் நடைபெறுகின்றது. அன்பர்களே, நேரம் எம்மிடம் என்றும் இருந்தது. யாம்தாம் அதனைத் தேடவில்லை.