வெளிச்சுவர்

வெளிச்சுவரைப் பார்த்தே உள்ளே இருப்பவன் யார் என்று முடிவு கட்டிவிடுகிற நாடு இது. திருவிதாங்கூரில் ஒரு காலத்தில் நாடார்கள் மாடி வைத்து வீடு கட்டக்கூடாது என்று தடையே இருந்தது. தடை போய்விட்டது, அந்தக் கண் போகவில்லை. 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து நொறுக்கியது எதை? வளைகுடாவில் பாடுபட்டு அனுப்பிய காசில் எழும்பிய வீடுகளையும், அதற்குள்ளே இருந்த டிவியையும் மின்விசிறியையும். 2012 நவம்பர் 7இல் தருமபுரி நத்தம் காலனியில் எரிந்ததும் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீடுகள்தான். குடிசையாக இருந்தால் இளக்காரம், காரை வீடானால் எரிச்சல்.

இதை எழுதக் காரணம், வாழவந்தி நாட்டில் எங்கள் வீட்டை ஒட்டி ஓர் அறை இழுக்க வேண்டியிருக்கிறது. தங்கச்சி படிக்க இடமில்லை. அறைக்கு என்ன சுவர், என்ன கூரை, வெளியே என்ன பூச்சு என்பதுதான் ஆறு மாதமாக வீட்டில் சண்டை.

நாங்கள் மலையாளிகள். செம்மேட்டில் வந்து இறங்குகிற டூரிஸ்ட் இன்னமும் "கேரளாவா நீங்க?" என்று கேட்கிறான். கொல்லிமலைப் பழங்குடி ஐயா, பேச்சும் தமிழ்தான். எங்கள் பழைய வீடு மூங்கில் தட்டியில் செம்மண்ணைக் குழைத்து அப்பியது. மேலே புல் கூரை. கூரைக்கும் ஆள் தலைக்கும் நடுவே பரண். சாமையும் தினையும் கேழ்வரகும் அங்கேதான் கிடக்கும். அடுப்புப் புகை மேலே ஏறிப் பரணையும் கூரையையும் பூச்சி அரிக்காமல் காத்தது. வெளிச்சுவருக்கு வருசா வருசம் ஆயா செம்மண்ணும் சாணியும் கரைத்துப் பூசுவாள். காசு கிடையாது, கூலி கிடையாது, அவள் கைதான். அந்தக் கைக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை என்பது தனி விஷயம்.

இப்போது பரண் காலி. சாமை விளைந்த காட்டில் மரவள்ளி நிற்கிறது, கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்கு மலையிறங்கிப் போகிறது. புல் அறுத்த சரிவுகளில் சில்வர் ஓக் நட்டாயிற்று. கூரை மாற்றப் புல்லுக்கு எங்கே போவது?

அண்ணன் சொன்னான், "பரணையே ரூமாக்கிடலாம், சுவத்த மூணடி தூக்கி மேல சீட்டு போட்டாப் போதும்." வந்து பார்த்த கொத்தனார் சிரித்தார். "தட்டிச் சுவரு பாரம் தாங்காதுங்க. இத்தன நாளாக் கூரையத் தாங்கினது சுவரு இல்ல, கம்பம்." பரண் யோசனை அதோடு போச்சு. அந்தக் கொத்தனார் கீழ்நாட்டுத் தலித். அவருடைய அப்பா எங்கள் பக்கம் எத்தனையோ அடித்தளம் போட்டவர். அவருக்குத் திண்ணைக்கு வெளியேதான் சோறு வைத்தார்கள். எங்களை மலைக்காரன் என்று ஏளனம் பேசுகிறவனைத் திட்டுகிற வாய்க்கு இதையும் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது. இந்தப் பத்திரிகையில் மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை. இப்போது அவர் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறார். அம்மாதான் முதலில் கூப்பிட்டாள். பெரியப்பா அன்றைக்குச் சாப்பிட வரவில்லை.

கூரைக்கு மாமா சிமெண்ட் அட்டை என்றார், விலை குறைவு என்று. ஆஸ்பெஸ்டாஸ் எந்த வகையானாலும் புற்றுநோய் வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லி எவ்வளவோ காலமாகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. இங்கே அட்டையை அறுப்பவனும் துளை போடுபவனும் அந்தத் தூளை மூச்சில் இழுக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கலர் தகரம் போடலாம்தான். ஆனால் மார்கழிப் பனியில் விடியற்காலையில் தகரத்தின் அடியில் நீர் கோர்த்துப் பாயில் சொட்டும். மழை பெய்தால் பக்கத்தில் பேசுவது கேட்காது. படிக்கிற பிள்ளைக்கு அதுவா அறை?

செங்கல் வேண்டுமானால் கீழேயிருந்து வர வேண்டும். காரவள்ளி தாண்டி எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் கல்லின் விலையில் வாடகை ஏறுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 2011இல் எடுத்த சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பில் வறுமைக்கு வைத்த முதல் அளவுகோலே கச்சா சுவரும் கச்சா கூரையும் கொண்ட ஒற்றை அறை. 2016இல் பிரதமர் வீடு திட்டத்துக்கு அந்தக் கணக்கிலிருந்துதான் ஆள் எடுத்தார்கள். 2024இல் வந்த கலைஞர் கனவு இல்லமும் குடிசைக்காரர்களுக்கு: மூன்றரை லட்சம், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை. ஆக, நீ குடிசையில் இருக்கிறாய் என்று வெளிச்சுவர் சாட்சி சொல்ல வேண்டும். கணக்கெடுக்க வந்த ஒருவர் எங்கள் வாசலில் அடுக்கியிருந்த செங்கல்லைப் பார்த்துவிட்டு, "வசதியாத்தான் இருக்கீங்க போல" என்றார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அப்பா, "முன்பக்கம் எதையும் தொடாதீங்கடா, பேரு விழுந்துடும்" என்கிறார். ஏழையாக இருப்பது போதாது, ஏழையாகத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

மண்ணை நான் வெறுக்கவில்லை. மலைக்குளிருக்கு மண்சுவர் போல ஒன்று கிடையாது. அதன்மேல் சிமெண்ட் பூசுவதுதான் கேடு. மண் ஈரத்தை இழுத்து வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளே ஈரம் கட்டிப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். எங்கள் ஊரில் அப்படி விழுந்த சுவர்களைக் காட்ட முடியும். ஆனால் டூரிஸ்ட்டுக்கு மண்குடில் கட்டி வாடகை வாங்குகிற விடுதிக்காரர்கள் வந்து மண்ணின் பெருமையை எனக்குச் சொல்லும்போது எரிச்சல் வருகிறது. லாரி பேக்கர் கேரளத்தில் பூசாத செங்கல் சுவர்களால் அழகான வீடுகள் கட்டினார், செலவும் குறைவு. நல்ல யோசனைதான். பூச்சு வீட்டில் பிறந்தவன் பூசாமல் விட்டால் ரசனை. நாங்கள் பூசாமல் விட்டால், "காசு தீந்துபோச்சா?" என்று கேட்பார்கள். தங்கச்சி இதைத்தான் வேறு மாதிரி கேட்டாள்: "அண்ணா, என்கூடப் படிக்கிறவங்க வந்தா எந்தப் பக்கமாக் கூட்டிட்டு வர்றது?"

ஆயாவின் சுவரைச் சிமெண்டால் மூடக்கூடாது என்பதில் அம்மா உறுதியாக நின்றாள். புது அறைக்கு அடித்தளம் கருங்கல். ஐப்பசி கார்த்திகைச் சாரல் அடிக்கிற வடகிழக்குச் சுவர் மட்டும் செங்கல், சிமெண்ட் பூச்சு. மற்ற இரண்டும் மண், வெளியே சுண்ணாம்பு கலந்த பூச்சு. கூரை ஓடு. கூரையை இரண்டடி வெளியே நீட்டிவிட்டால் மண்சுவர் நனையாது என்று கொத்தனார் கணக்குப் போட்டுக் கொடுத்தார். குரங்கு ஓட்டைப் பிரிக்கும் என்று அண்ணன் முறைக்கிறான், அதுவும் நிஜம்தான்.

பட்டியலில் பேர் இருக்குமோ போகுமோ, தெரியாது. நிறம் மட்டும் முடிவாகவில்லை. அப்பா மண் நிறமே இருக்கட்டும் என்கிறார். தங்கச்சி நீலம் கேட்கிறாள், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற நீலம். நான் நாளைக்குச் செம்மேட்டுக் கடையில் விலை கேட்கப் போகிறேன்.