விழப்போற பல்தானே?

போன சீசனில், எங்கள் குத்துக்கல்வலசையில், அடுத்த தெருத் தங்கச்சி ஒருத்தி தன் ஐந்து வயது மகளோடு என்னிடம் வந்தாள். "நாலு நாளா பிள்ள ஒரு பக்கமாவே மெல்லுதுக்கா. இனிப்புப் பட்டா கூசி அழுது." கடைசிக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. அம்மா குற்றாலத்தில் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். விடியுமுன் கிளம்பும் நாட்களில் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு சீனி தூக்கலான டீயும் பன்னும்தான்.

தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் போன பையனின் அம்மாவிடம் எந்த அடைப்பு நல்லது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கியது வெளியே வரை கேட்டது. எங்கள் முறை வந்தபோது முதல் கேள்வி, "எந்தத் தெரு?" சொன்னோம். "பால் பல்தானே, விழப்போறதுதான். பிடுங்கிரலாம்."

தோழர்களே, அந்தப் பல் 10 முதல் 12 வயதுக்குள்தான் விழும். அதுவரை மெல்லவும் வேண்டும், பின்னால் முளைக்கும் பல்லுக்கு இடத்தையும் காக்க வேண்டும். என் பல்லையும் ஏழு வயதில் இப்படித்தான் பிடுங்கினார்கள். இடம் சுருங்கி அடுத்த பல் கோணலாக முளைத்தது. எம்.ஏ. வகுப்பிலும் வாயைப் பொத்தித்தான் சிரித்தேன்.

எங்களிடம் சொல்லப்படாததைச் சொல்கிறேன். பழைய வெள்ளி அடைப்பான அமால்கம் உறுதியானது. ஆனால் அதில் ஏறக்குறைய பாதி பாதரசம். பால் பற்களிலும் 15 வயதுக்கு உட்பட்டோருக்கும் அதைத் தவிர்க்க மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2022இல் முடிவெடுத்தன. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. கிளாஸ் அயனோமர் பல்லோடு தானே ஒட்டும், ஃப்ளோரைடு கசியும். கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிவிட்டு, மின்சாரம் இல்லாமலேகூட வைக்கலாம். இரண்டு பக்கம் அரித்த பல்லில் சீக்கிரம் உடையக்கூடும். காம்போசிட் பல் நிறத்தில் அழகாக, உறுதியாக இருக்கும். ஆனால் வைக்கும்போது எச்சில் படக்கூடாது. அழும் பிள்ளைக்கு அது கஷ்டம், செலவும் கூட. பெரிய சொத்தைக்கு நீண்ட நாள் தாங்குவது ஸ்டீல் கேப். ஹால் முறையில் ஊசியும் இல்லை, பல்லைக் குடைவதும் இல்லை. சில்வர் டையமின் ஃப்ளோரைடு என்ற திரவம் சொத்தை பரவுவதை நிறுத்தும். ஆனால் அந்த இடம் கறுத்துவிடும். இதையும் கிளாஸ் அயனோமரையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இரவில் தானாக வலித்தாலோ, ஈறு வீங்கினாலோ வெறும் அடைப்பு போதாது. தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

பிறகு அரசு மருத்துவர் ஒருவர் வாயைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். சொத்தை ஒரு பக்கம் மட்டும் இருந்ததால் கிளாஸ் அயனோமர் வைத்தார். சில மாதத்தில் ஓரம் கொஞ்சம் உடைந்தது, மறுபடி வைத்தார். பிள்ளை இப்போது இரண்டு பக்கமும் மெல்லுகிறாள்.

தீண்டாமை தனி டம்ளரில் மட்டும் இல்லை. ஒருவருக்கு நாலு வழியைச் சொல்லி இன்னொருவருக்கு ஒன்றை மட்டும் சொல்வதிலும் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது நம் தெருப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பாருங்கள். கூட்டிக்கொண்டு போங்கள். எந்தத் தெரு என்று கேட்டால், "அடைக்க முடியுமா? எதை வைத்து? ஏன் அது?" என்று நாம் கேட்போம்.