கிணறு இழுக்கும்

காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்ததற்கே எனக்கு உள்ளங்கால் கூசியது. நிற்பது தரையில், ஏறப்போவதும் இல்லை. 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய கோபுரம், ஒன்பது நிலை, ஏறத்தாழ 190 அடி. பின்னால் மேகம் நகர, கோபுரமே மெல்ல நம்மேல் சாய்கிற மாதிரி இருந்தது. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னுமாடி போகல அந்த பயம்?" என்றாள்.

அத்தை மகள் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்க வந்திருந்தோம். கடைக்குப் போகாமல் நேரே பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்கே போவது என்று அத்தை முடிவு செய்திருந்தாள். அதற்கு முன் சாமி கும்பிட வேண்டும் என்றாள்.

அந்த பயம் என்று அத்தை சொன்னது எனக்கு எட்டு வயதில் தொடங்கியது. உத்திரமேரூர்ப் பக்கம் பாட்டி ஊரில், வயலோரத்தில், கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு. "எட்டிப் பாக்காதீங்க, கிணறு இழுத்துடும்" என்று பாட்டி எங்களை விரட்டிக்கொண்டே இருப்பாள். மாட்டுப்பொங்கலன்று பட்டுப்பாவாடையோடு போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் எங்கோ அடியில் கறுப்பாக, ஒரு தட்டு அளவு வானத்தோடு கிடந்தது. பாட்டி சொன்னது நிஜம். இழுத்தது. பின்னாலிருந்து அம்மா ஓடிவந்து பாவாடைக் கரையைப் பற்றி இழுத்து முதுகில் ஒன்று வைத்தாள். வலி அன்றைக்கே போய்விட்டது. கிணறு இழுத்தது மட்டும் போகவே இல்லை.

பிறகு மொட்டை மாடி, ரயில் வாசல், மலைக்கோட்டை உச்சி என்று எந்த விளிம்புக்குப் போனாலும் ஒரு கணம் மனசுக்குள் யாரோ "குதி" என்பதுபோல் இருக்கும். யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை. சாக வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. பிறகு ஏன் இது? எனக்குள் எனக்கே தெரியாத ஒருத்தி இருக்கிறாளோ என்று முப்பது வருஷம் பயந்தேன்.

2012-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் 431 கல்லூரி மாணவர்களிடம் இதைத்தான் கேட்டார்கள். உயிரை விடும் எண்ணமே ஒருநாளும் வராதவர்களிலும் பாதிப் பேருக்குமேல், உயரத்தில் நிற்கும்போது குதிக்கத் தோன்றியது உண்டு என்று சொல்லியிருந்தார்கள். ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் இது: ஆபத்தைக் கண்டதும், யோசிப்பதற்கு முன்பே உடம்பு வெடுக்கென்று பின்வாங்கிவிடுகிறது. பின்னால் வந்து சேரும் மனசு, 'நான் ஏன் பின்வாங்கினேன்? குதிக்க நினைத்திருப்பேனோ?' என்று தப்பாகக் கணக்குப் போடுகிறது. பிழைக்கத் துடித்த உடம்பை, சாகத் துடித்ததாக மனசு படித்துவிடுகிறது. இதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. வாழ்க்கையே பாரமாகி அந்த எண்ணம் வருகிறவர்கள் நிலை வேறு. அவர்கள் அதைத் தனியாகச் சுமக்கக் கூடாது, உடனே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். ஆனால் என்னைப்போல் ஒரு கணக் கூச்சத்தைக் குற்றமாகச் சுமந்தவர்கள் எத்தனை பேரோ.

பிள்ளையார்பாளையம் போகிற வழியில் சின்னக் கோயில் ஒன்றில் திருப்பணி. கோபுரத்தைச் சுற்றிச் சவுக்குக் கழியில் சாரம் கட்டியிருந்தார்கள். சுதைப் பொம்மைகளுக்கு வர்ணம் பூசும் பெரியவர் ஒருவர் டீ குடிக்க இறங்கி வந்தார். விரலிடுக்கில் நீல வர்ணம் காய்ந்திருந்தது.

"மேல நிக்கும்போது இழுக்காதாய்யா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "இழுக்கும்மா. ஏன் இழுக்காது? கண்ணுக்குப் பக்கத்துல எதையாவது வெச்சுக்கணும். நான் பொம்மை மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். தூரத்தப் பாத்தா கால் ஆடும்" என்றார்.

மருத்துவம் சொல்வதும் இதையேதான். நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடம்பு லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. பக்கத்துச் சுவரையோ தூணையோ வைத்துக் கண் அந்த ஆட்டத்தைப் பிடித்துத் திருத்துகிறது. உயரத்தில் பக்கத்துப் பொருள் எதுவும் இல்லாதபோது ஆட்டம் கண்ணுக்குப் பிடிபடாமல் கூடிவிடுகிறது. தலை சுற்றல் அங்கே ஆரம்பம். பெரியவர் டீ கிளாஸை வைத்துவிட்டு மறுபடி ஏறினார். எங்கும் அவசரமில்லை. ஒரு கை கழியை விடுவதற்கு முன் மறு கை அடுத்த கழியைப் பிடித்திருந்தது.

நெசவாளர் வீட்டில் முன்கட்டு முழுக்கத் தறிதான். குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதித்து நெய்கிறார்கள். நாள் முழுக்க, வருஷம் முழுக்க, ஒரு விளிம்பில் உட்கார்ந்தே வாழ்க்கை. அரக்குப் பாவு விரிந்திருந்தது. வலப்பக்கம் நெசவாளரின் தம்பி மகன் உட்கார்ந்து கரைக்கான நாடாவை வாங்கி வாங்கித் தள்ளிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் உள்ளேயிருந்து பேரக்குழந்தை தவழ்ந்து வந்தது. நேரே குழியை நோக்கி. எனக்கு வயிறு கலங்கி எழுந்துவிட்டேன். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த பாட்டியின் ஒரு கை மட்டும் முறத்தை விட்டு நீண்டது. குழந்தை விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. உள்ளே பார்த்தது. உள்ளங்கையால் தரையை இரண்டு தட்டுத் தட்டியது. பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. பாட்டியின் கை முறத்துக்குத் திரும்பியது.

உளவியலாளர்கள் எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960-ல் வெளியிட்ட சோதனை நினைவுக்கு வந்தது. கெட்டிக் கண்ணாடி மேசை, நடுவே ஒரு பலகை. ஒரு பாதியில் கட்டம் போட்ட துணி கண்ணாடியை ஒட்டியே, மறுபாதியில் அதே கட்டம் ஆழத்தில். தவழும் வயதுக் குழந்தைகள் 36 பேர். நடுப்பலகையை விட்டு நகர்ந்தவர்கள் 27. அம்மா எதிரே நின்று கூப்பிட்டும் ஆழத்தின்மேல் போனவர்கள் மூன்றே பேர்.

"கோர்வை பாருங்கம்மா" என்றார் நெசவாளர். காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் தனித்தனி. வேறு வேறு நிறம், வேறு வேறு நாடா. ஒவ்வொரு ஊடை ஓடும்போதும் உடல் நூலும் கரை நூலும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பின்னிக் கோத்துக்கொண்டே போக வேண்டும். அதனால்தான் இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள். கரைக்கு நாம் வைத்த பெயரை நினைத்துக்கொண்டேன். ஆற்றுக்கும் அதுதான், குளத்துக்கும் அதுதான், புடவைக்கும் அதுதான்.

அவர் நெய்து முடித்த புடவை ஒன்றைப் பிரித்தார். அரக்கு உடல், பச்சைக் கரை, இரண்டும் சேருமிடத்தில் வரிசையாகக் கோபுரப் பற்கள். இரண்டு கட்டைவிரலையும் கோர்வையின் இருபுறம் வைத்து விசையோடு இழுத்தார்.

"துணி கிழிஞ்சாலும் கிழியும், கரை பிரியாது. நீங்களே இழுத்துப் பாருங்க."

தறி விளிம்பில், குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். உள்ளங்கால் கூசியது. புடவையை மடியில் வாங்கி, கரையைப் பற்றி இழுத்துப் பார்த்தேன்.