அதிகாலை நான்கு மணி, கொல்கத்தா

பேசுவதுதான் என் வேலை. காலை ஆறு மணிக்கு மைக்கைத் திறந்தால் பத்து மணி வரை வாய் ஓயாது. அப்படிப்பட்ட என்னிடம், "கொஞ்சம் பேசாம இரும்மா" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் எங்கள் வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவாளர் அண்ணன். அவரோடு கொல்கத்தா போய்வரும்படி மேலாளர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கலக்கம்தான்.

நவராத்திரிக்கு அரை மணி நேர நிகழ்ச்சி. துர்கா பூஜைக்குத் தயாராகும் நகரத்தின் ஓசைகளைப் பதிவு செய்து வர வேண்டும். அந்த ஆண்டு இறுதியில் அண்ணனுக்குப் பணி ஓய்வு. இதுவே அவருடைய கடைசி வெளிநாட்டு வேலை.

முதல் நாள் காலையில் ஹவுரா பாலத்தின் அடியில் இருக்கும் மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போனோம். 1943இல் திறக்கப்பட்ட பாலம் அது. திருகாணியே இல்லாமல் ரிவெட் அடித்து இணைத்திருக்கிறார்கள். கீழே செண்டுமல்லி மாலைகளை மலைப்பாம்பு போலத் தோளில் சுமந்தபடி ஆட்கள் ஓடுகிறார்கள். பார்த்ததையெல்லாம் மைக்கில் இருபது நிமிடம் வர்ணித்தேன்.

இரவு விடுதியில் அண்ணன் அதைப் போட்டுக் காட்டினார். "எங்கம்மா கொல்கத்தா? நீ மட்டும்தான் இருக்க. இதை நம்ம ஸ்டூடியோவிலேயே பேசியிருக்கலாம். டிக்கெட் காசாவது மிச்சம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கூடுதலாகவே வந்தது.

மறுநாள் குமார்துலி. துர்கை சிலைகள் செய்யும் கைவினைஞர்களின் பகுதி. குறுகிய சந்துகளின் இருபுறமும் வைக்கோலால் கட்டிய உருவங்கள், அவற்றின் மேல் ஆற்று மண் பூச்சு. சிலைகளுக்குக் கண் மட்டும் இல்லை. வழக்கப்படி அதை மகாளய அமாவாசையன்று வரைவார்களாம். நான் வாயைத் திறக்கவில்லை. ஈர மண்ணைத் தட்டும் ஓசை, வைக்கோலை நறுக்கும் ஓசை, பிளாஸ்டிக் விரிப்பின் மேல் விழும் தூறல் என்று ஒவ்வொன்றாகக் காதில் வந்து உட்கார்ந்தன.

அங்கே ஒருவர் "தாதா, தாதா" என்று அழைக்க, அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினார். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். "நம்ம ஊர்ல கூப்பிட்டா போலீஸ் வந்திடும்" என்று சிரித்தார். பயணத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

அழைத்தவர் வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பவர். பெட்டிக்கடை அளவிலான இடத்தில் பழைய ரேடியோக்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. மகாளயத்துக்கு முந்தைய வாரங்களில்தான் அவருக்கு வேலை அதிகமாம். காரணம் ஒரு நிகழ்ச்சி.

1930களில் அகில இந்திய வானொலியின் கல்கத்தா நிலையம் தொடங்கியது அது. பெயர் 'மகிஷாசுரமர்த்தினி'. பாணி குமார் எழுத, பங்கஜ் மல்லிக் இசையமைக்க, வீரேந்திர கிருஷ்ண பத்ரா தேவியின் கதையைச் சொன்னார். பல ஆண்டுகள் கலைஞர்கள் விடியுமுன்னே நிலையத்துக்கு வந்து நேரலையில் வழங்கினார்கள். பிறகு ஒலிப்பதிவு. 1976இல் வேறு நிகழ்ச்சி தயாரித்து, வங்காளத்தின் உச்ச நட்சத்திரம் உத்தம் குமாரைப் பேச வைத்துப் பார்த்தார்கள். மக்கள் கொதித்துப்போனார்கள். பழைய குரலையே திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பத்ரா 1991இல் காலமானார். அவர் குரல் இன்றும் மகாளயத்தன்று காலை நான்கு மணிக்கு ஒலிக்கிறது.

அன்று விடியுமுன் நாங்கள் வடக்குக் கொல்கத்தாவின் ஒரு சந்தில் நின்றோம். சரியாக நான்குக்குச் சங்கொலி. ஒரு சன்னலில் விளக்கு, பிறகு இன்னொன்று. நடக்க நடக்க அதே குரல் வீட்டுக்கு வீடு எங்களைக் கை மாற்றி அனுப்பியது. கைப்பேசியில் கேட்டவர்களுக்கு ஒலி சற்றுத் தாமதமாக வந்ததால், ஒரு வீட்டில் முடிந்த வரி அடுத்த வீட்டில் மீண்டும் தொடங்கியது. வங்காள மொழி எனக்குத் தெரியாது. ஆனாலும் தொண்டை அடைத்தது. நான் ஒரு வாரத்தில் பேசித் தள்ளுவதில் எதற்காக யார் நான்கு மணிக்கு எழுந்திருப்பார்?

பாக்பஜார் படித்துறைக்கு வந்தபோது வெளுத்துக்கொண்டிருந்தது. ஹூக்ளியில் இடுப்பளவு நீரில் நின்று நூற்றுக்கணக்கானோர் முன்னோருக்கு நீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். "எங்கப்பாவுக்கு ஒவ்வொரு வருசமும் இன்னைக்குச் செய்வேன். இந்த வருசம் வேலைன்னு விட்டுட்டேன். மைக்கை ஆட்டாம பிடிம்மா" என்றவர் காற்சட்டையை மடித்துக்கொண்டு படியிறங்கினார்.

இரண்டு கை நீர் மூன்று முறை ஆற்றில் விழுந்தது. அவர் அப்பாவின் பெயரைச் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. அதை நிகழ்ச்சியில் சேர்க்கவில்லை.

ஊர் திரும்பித் தொடக்க உரை எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். முதல் இரண்டு நிமிடம் சங்கும் சந்தும் தண்ணீரும் மட்டும். ஒலியேறிய அன்று ஈப்போவிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். "ரேடியோ கெட்டுப்போச்சோன்னு நினைச்சேன். அப்புறம் தண்ணிச் சத்தம் கேட்டுச்சு. அடுப்பை அணைச்சிட்டு உட்கார்ந்துட்டேன்" என்றார்.

டிசம்பரில் அண்ணனுக்குப் பிரியாவிடை விருந்து. என்னைப் பேச அழைத்தார்கள். மூன்று வரியில் முடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் காதோரம் சாய்ந்து சொன்னார்: "இன்னும் ஒரு வரி குறைச்சிருக்கலாம்மா."