ஏணைக்குக் கீழே ஒரு கந்தை

சென்ற மார்கழியில் ஜவ்வாது மலையில், காவலூர் வானோக்கு நிலையத்துக்குச் செல்லும் பாதையிலிருந்து சிறிது விலகியிருந்த நண்பர் ஒருவரின் மாந்தோப்பில், இரண்டு மரங்களுக்கிடையே துணித் தொட்டிலைக் கட்டிப் படுத்துக்கொண்டு, நக்ஷத்திர தரிசனத்திலேயே இரவைக் கழித்துவிடுவதென்று சங்கற்பம் செய்துகொண்டு போன எனக்கு, நடுநிசியில் வாய்த்த ஞானமெல்லாம் முதுகு என்று ஓர் அங்கம் மனிதனுக்கு உண்டு என்பது ஒன்றுதான். மேலே கனத்த கம்பளி இருந்தது. உள்ளே ஒரு பஞ்சு விரிப்பும் இருந்தது. ஆயினும் விடியும் வரையில் யாரோ ஈரத்துணியை முதுகில் ஒற்றிக்கொண்டே இருப்பது போன்ற உணர்ச்சி நீங்கவில்லை.

இதன் காரணம், ஊர் திரும்பி ஆற அமர யோசித்தபோதுதான் விளங்கிற்று. நம்மைக் குளிரிலிருந்து காப்பது பஞ்சு அன்று. பஞ்சின் இழைகளிடையே அசைவற்றுச் சிறைப்பட்டுக் கிடக்கும் காற்றே. படுத்தவனுடைய பாரம் விரிப்பை அப்பளமாக நசுக்கிவிட்டால் அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. தரையில் படுப்பவனாவது தன் கீழுள்ள மண்ணைச் சற்றேனும் சூடேற்றிக்கொள்ளலாம். தொங்குகிறவனுக்கோ, சூடேற்றிய காற்றைக் கணந்தோறும் பறிகொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய தலைவிதி. ஆகையால், இந்த வினோதத்தில் தேர்ந்தவர்கள் தொட்டிலுக்குள் எதையும் விரிப்பதில்லை. வெளியே, அடிப்புறத்தில், உடலின் பாரம் படாதபடி ஒரு மெத்தைப் போர்வையைத் தொங்கவிடுகிறார்கள். கீழ்ப்போர்வை என்று அதற்கு நாம் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

வாங்கலாமென்று விசாரித்தால், வாத்தின் மென்தூவி அடைத்த கீழ்ப்போர்வைக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்து யாரும் பேசவில்லை. எடையோ மிகச் சொற்பம். சுருட்டினால் ஒரு செம்புக்குள் அடங்கும். ஆனால் பனியில் நனைந்தால் தூவி கட்டிதட்டிப் போய், கொடுத்த பணம் அத்தனையும் வீண். பாலியஸ்டர் அடைத்தது மலிவு, ஈரத்தையும் ஓரளவு பொறுக்கும். எனினும் அதன் வெளித்துணியைத் தொட்டபோது, பட்டு நெய்யும் ஊரில் பிறந்தவனுக்கு உண்டாகக்கூடிய ஒரு சிறு கர்வம் என்னைத் தடுத்துவிட்டது என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இந்தத் தொங்கு படுக்கை முதன்முதலில் யாருடையது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. 1492-இல் கொலம்பஸ் பஹாமாத் தீவுகளில் இறங்கியபோது, அங்கிருந்த மக்கள் பருத்தி வலையில் படுத்துறங்குவதைக் கண்டான் என்றும், அவர்களுடைய 'ஹமாக்கா' என்ற சொல்லே 'ஹாமக்' ஆயிற்று என்றும் சரித்திரம் கூறும். சரித்திரம் கூறட்டும், காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில், தறி வீட்டு விட்டத்திலிருந்து பழம்புடவையில் தொங்கும் ஏணையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தச் செய்தியில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தென் ஜில்லாக்களில் தூளி என்பதைத்தான் எங்கள் பக்கத்தில் ஏணை என்கிறோம். குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்திருக்கும் தாய், நாடா ஓட்டும் இடைவேளையில் ஒரு கையால் ஏணைக் கயிற்றை இழுத்துவிட்டு, மறுகணம் பாவுக்குத் திரும்பும் காட்சி இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில், விடியற்காலையில் வீதி நெடுகப் பாவு நீட்டிக் கஞ்சி போடும் வேளையில், திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் என் சங்கடத்தைச் சொன்னேன். "பனிக்காலத்துல கொழந்தைக்கு முதுகு சில்லுனு ஆயிடாதா ஆயா?" என்று கேட்டேன். "உள்ள துணிய மடிச்சிப் போட்டா நசுங்கித்தான் பூடும் தம்பி. ஏணைக்கு வெளிய இன்னொரு பொடவய தொளதொளன்னு கட்டிவுடுவேன். ரெண்டுக்கும் நடுவுல சூடு நிக்கும்" என்றாள். பதினைந்தாயிரம் ரூபாய்த் தத்துவத்தை, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே அவள் சொல்லி முடித்துவிட்டாள்.

பழம்புடவை என்றதும் கந்தை என்ற சொல்லின் பின்னே சென்றேன். கசக்கிக் கட்ட வேண்டியது என்பதற்கு மேல் அதற்கு நாம் மரியாதை கொடுப்பதில்லை. ஆனால் சென்னைச் சர்வகலாசாலையார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்ஸிகனோ, 'கந்தா' என்னும் வடசொல்லை அதற்கு மூலமாகக் காட்டுகிறது. அந்த வடசொல்லுக்குப் பொருள், துண்டுகளைச் சேர்த்துத் தைத்த போர்வை. பஜகோவிந்தத்தில் வரும் யோகி, வீதியில் கிடந்த துணிகளால் இயன்ற கந்தையைப் போர்த்தியே திரிகிறான். வங்காளத்தில் அச்சொல் இன்றும் தன் பழைய பொருளோடு உயிர்வாழ்கிறது: தேய்ந்த புடவைகளையும் வேஷ்டிகளையும் அடுக்கடுக்காக வைத்து, புடவைக் கரையிலிருந்து உருவிய வர்ண நூலாலேயே ஓட்டுத் தையல் போட்டு அங்குள்ள பெண்கள் தைக்கும் போர்வைக்குக் காந்தா என்று பெயர்.

பட்டு இவ்வளவு மலிந்த காஞ்சியில் அப்படி ஒரு கலை ஏன் தோன்றவில்லை? விடை எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியிலேயே இருந்தது. கிழிந்த பட்டுப்புடவையை இங்கே யாரும் தைத்துப் போர்ப்பதில்லை; பழைய ஜரிகை வாங்குபவரிடம் நிறுத்து விற்றுவிடுகிறோம். அவர் அதைக் கொளுத்துவார், பட்டு சாம்பலாகும், ஜரிகையிலுள்ள வெள்ளி மிஞ்சும். வங்காளத்தில் கரை பிரிந்து நூலாகிப் போர்வைக்கு உயிர் கொடுக்கிறது. இங்கே கரையே போர்வைக்கு எமனாகிவிடுகிறது. என் தாயாரின் அரக்கு வர்ணப் புடவை ஒன்றில், கடன்பட்ட ஒரு வருஷம் கரையையும் முந்தானையையும் மட்டும் வெட்டி விற்றுவிட்டு, உடலைத் துறக்க மனமில்லாமல் பெட்டியடியில் வைத்திருந்தார். பதினைந்து அடிக்குக் குறையாத, ஜரிகையற்ற, நெருக்கமாக நெய்த, காற்றை எளிதில் உட்புகவிடாத பட்டு! நான் தேடித் திரிந்த மேல்துணி அது.

உள்ளே அடைப்பதற்கு இலவம்பஞ்சு என்று தீர்மானித்தேன். போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வரும் அந்தப் பஞ்சின் இழை உட்குழலாக இருப்பதால் அதனுள்ளும் காற்று உண்டு. மேலே மெழுகுப்பூச்சு இருப்பதால் தண்ணீரை லேசில் ஏற்காது. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காக்கும் சட்டைகளில் இதையே அடைத்தார்கள். மெத்தை தைக்கும் பாய் புடவையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சும்மா பைமாதிரி தச்சா பஞ்சு பூரா ஒரு மூலைக்கு ஓடிடும் சார். வயல்ல வரப்பு போடறாப்பல பாத்தி பாத்தியா தைக்கணும்" என்றார்.

அந்த வார்த்தை என்னைத் திடுக்கிடச் செய்தது. புத்தபிரான் மகத நாட்டில் பிரயாணம் செய்கையில், வரப்புகளால் பகுக்கப்பட்ட வயல்களைக் காட்டி, பிக்ஷுக்களின் சீவரத்தை அவ்விதமே துண்டு துண்டாகத் தைக்க முடியுமா என்று ஆனந்தரைக் கேட்டதாக வினய பிடகம் கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட திராவிட நாட்டைப் பற்றி எழுதியபோது, ஏறக்குறைய நூறு விஹாரங்களும் பதினாயிரம் பிக்ஷுக்களும் இருந்ததாகக் குறித்திருக்கிறார். அப்படியானால், இன்று சீமைப் பட்டியல்களில் விலையோடு அச்சிடப்படும் இந்தப் பாத்தித் தையல், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வூர் வீதிகளில் தோள்மேல் நடமாடியிருக்கிறது.

ஆறரை அடி நீளத்தில் பன்னிரண்டு பாத்திகள். ஏறக்குறைய ஒரு கிலோ எடை. நான்கு மூலைகளிலும் ஏணையோடு இணைக்க நாடாவும் நெகிழ்கயிறும். பஞ்சும் கூலியும் சேர்த்து ஆயிரத்தைச் சற்றே தாண்டிற்று. குறைகளையும் சொல்லிவிடுகிறேன்: சுருட்டினால் ஒரு தலையணை மூட்டையாகிறது, தண்ணீரில் அலசித் துவைக்க வழியில்லை, முதுகில் சுமந்து நெடுந்தூரம் நடப்பவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மிக இறுக்கிக் கட்டினால் பஞ்சு நசுங்கும்; தளர்த்தினால் இடையே குளிர்காற்று நுழையும்; இந்த நிதானம் கைக்கு வர எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. தை மாதத்தில் அதே மாந்தோப்பில் மூன்றாவது இரவு படுத்தபோது, மூக்கு நுனியும் முழங்காலும் குளிர்ந்தன. முதுகைப் பற்றிய நினைவே எழவில்லை.

திரும்பி வந்ததும் பிள்ளையார்பாளையத்துக்குப் போய், போர்வையை அந்த மூதாட்டியின் மடியில் விரித்தேன். நெடுநேரம் தையலைப் பார்த்தாள், பிறகு பட்டின் ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டே, "கோர்வை கரை போட்ட பொடவ தம்பி இது. கரைய எங்க?" என்றாள்.